நான் போகாத கடைசி ஆட்டம்

நான் குடியேறிய குரோருட் புறநகரில் என் பக்கத்து வீட்டு இத்தாலியர் தனிக்கட்டை. தன் ஊர்க் கழகத்தின் கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க என்னையும் கூப்பிடுவார். அந்தப் பருவத்தில் ஒரு கிண்ணம் இறுதியாட்டத்தில் போனது. இன்னொன்று கடைசி நிமிடத்தில் கைநழுவியது.

"நீ வந்தாலே தோல்விதான்!" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் ஊரிலும் என்னை ராசியில்லாதவன் என்பார்கள்.

லீக் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தன்று அவர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய கழகம் வெல்லட்டும் என்று நான் திறக்கவில்லை. ஒரு கோலால் அதுவும் போயிற்று.

மறுநாள் படிக்கட்டில் கேட்டார்: "நேற்று எங்கை போனனீ?"

"வீட்டிலைதான். நான் வந்தால் தோற்பியள் எண்டு..."

"அது பகிடியடா. எல்லாத் தோல்விக்கும் பக்கத்திலை இருந்தனீ. நேற்றுத்தான் தனியப் பார்த்தனான்."

பிறகு அவர் கூப்பிடவில்லை. சுவருக்கு அப்பால் ஆட்டச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பிப் போய் என் கதவருகே நிற்கிறேன். அவர் கதவைத் தட்டத்தான் கூச்சமாக இருக்கிறது.