மதிலோரத்து வல்லாரை

மறதிக்கு வல்லாரை நல்லது என்பார்கள். ஐம்பதைத் தாண்டியபின் நானும் அதைத் தீவிரமாக நம்பத் தொடங்கினேன். கஞ்சியாகக் குடித்தேன், பருப்போடு சேர்த்துச் சுண்டித் தின்றேன். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

போன வாரம் ஒரு காலை, மஹய்யாவயில் எங்கள் பின்மதிலோரம் ஈரத்தில் படர்ந்திருந்த வல்லாரையைக் கை நிறையப் பிடுங்கி, புதையல் எடுத்தவனைப்போல மனைவியிடம் நீட்டினேன். குளித்துவிட்டு வருவதற்குள் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி எல்லாம் போட்டுச் சம்பல் தயார். ரொட்டியோடு இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். மிச்சத்தைச் சோற்றோடு கட்டிக்கொண்டு, நாவலப்பிட்டியில் இருக்கும் அக்காவைப் பார்க்க அவள் கிளம்பினாள்.

அவள் போனபிறகு, மதிலுக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நானாவிடம் என் அறுவடையைப் பற்றிப் பெருமையடித்தேன். அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார்.

"அல்லாவே! அங்கயா பிடுங்கின? நேத்து அசர் தொழுதுட்டு வந்து மதிலுக்கு ரெண்டு பக்கமும் புல் சாக மருந்து அடிச்சேனே!"

"வாடவே இல்லையே, நானா!"

"உடனே வாடுமா? ரெண்டு மூணு நாள் போகணும்."

அந்த நொடியே என் நாக்கு மரத்தது. ஆனால் நான் போனால் போகட்டும், அவள்? மலைப்பாதையில் தலை சுற்றும் என்பதால், பஸ் புறப்படுமுன்பே சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்பது அவள் வழக்கம். போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை.

கட்டியிருந்த சாரத்தோடே ஓட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் வாகன நெரிசல். வியர்த்தது, அதுவும் விஷத்தின் வேலை என்றே முடிவு செய்தேன்.

"கொஞ்சம் வேகமா போங்க தம்பி, நான் விஷம் சாப்பிட்டிருக்கேன்."

ஓட்டுநர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அப்ப ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும், அண்ணே?"

"இல்ல, பஸ் ஸ்டாண்டுக்கு!"

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் நாவலப்பிட்டி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தால், ஜன்னலோரம் அவள்; மடியில் பொட்டலம், விரல்களில் சோறு, வாயில் வல்லாரை.

"துப்பு!" என்று அலறினேன். "மருந்து அடிச்ச கீரை! துப்பு!"

பஸ்ஸே திரும்பியது. முன்சீட்டில் ஒருவர் தின்றுகொண்டிருந்த பணிஸையே துப்பிவிட்டார். அவள் நிதானமாக மென்று விழுங்கினாள். எனக்குக் கண் இருட்டியது.

"நீங்க பிடுங்கினதா? நாய் ஒதுங்குற இடத்துல பிடுங்கிட்டு வந்தா ஆக்கிப் போடுவாங்களா? நீங்க குளிக்கப் போனதுமே குப்பைல கொட்டிட்டேன். இது நேத்து மார்க்கெட்ல வாங்கினது."

"அப்ப நான் சாப்பிட்டது?"

"இதேதான்."

"நாக்கு மரத்திருக்கே!"

"மரத்த நாக்கா இந்தப் போடு போடுது?"

பஸ் சிரித்தது. "இறங்குறீங்களா, டிக்கெட் போடவா?" என்றார் நடத்துநர். அவளோ ஒரு பிடியை உருட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எல்லாரும் பார்க்குறாங்க. வாயத் திறங்க, பயம் போகட்டும்."

மார்க்கெட்காரன் இதற்கு என்ன மருந்து அடித்திருப்பானோ என்று அப்போதுதான் தோன்றியது. கேட்க வாயைத் திறந்தேன். திணித்துவிட்டாள்.