அக்காவின் கட்டைவிரல்

பத்திர நகலின் ஒரு பக்கத்தில் நாங்கள் மூவரும் வரிசையாக இருக்கிறோம்: அக்கா, அண்ணன், நான். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. எங்கள் இருவருடையதும் சுழிசுழியாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. அக்காவுடையதில் மட்டும் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடுகள். அவள் தோலில் இருந்த வெடிப்புகள் அவை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் பழைய வீட்டின் பின்பகுதியில் அக்கா தனியாக இருந்தாள். கணவரை இழந்து வந்தவளுக்கு அப்பா வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் அது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட அண்ணன் ஒரு பில்டரிடம் பேசத் தொடங்கிய மாதத்தில்தான் அவள் கைகள் வெடிக்க ஆரம்பித்தன. தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுத்து அவள் எழுதித்தர வேண்டும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "கீழ ஒரு ரூம் மட்டும் குடுத்துடுங்கடா, நான் பாட்டுக்கு இருந்துக்கறேன்." அண்ணன் ஒவ்வொரு முறையும் "பாத்துக்கலாம்கா" என்பான். எங்கள் பக்கத்தில் முடி கொட்டினாலும் தோல் அரித்தாலும் பழி உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் மேல்தான். நானும் அதையே நம்பி, அவள் கை கழுவக்கூடக் கேன் தண்ணீர் வாங்கி வைத்தேன். "கேன் தண்ணில பாத்திரம் கழுவறேன், மகாராணி ஆயிட்டேன் போ" என்று சிரித்தாள். ஆனால் புளி கரைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பல்லாவரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அந்த அம்மா விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "மேல்தோல் ஒரு செங்கல் சுவர் மாதிரிம்மா. நடுவுல சிமென்ட் மாதிரி ஒரு கொழுப்பு இருக்கும். ரொம்ப நாள் கவலைல இருந்தா கார்டிசால்னு ஒரு ஹார்மோன் அதிகமா சுரந்துகிட்டே இருக்கும், அந்தக் கொழுப்பு சரியா உண்டாகாது. உள்ள இருக்கற ஈரம் வெளிய போயிடும், சோப்பும் அழுக்கும் உள்ள போயிடும். தண்ணியும் ஒரு காரணம்தான். ஆனா ஆறவிடாம பண்றது கவலை. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" அக்கா பக்கத்தில் இருந்த என்னைப் பார்க்கவே இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், தம்பிங்க தங்கமா பாத்துக்கறாங்க" என்றாள். நான் களிம்புச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடம், "டாக்டர் களிம்பு குடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னேன்.

பதிவு அலுவலகத்தில் ரேகை எடுக்கும் கருவி அவள் விரலை ஏற்கவில்லை. "ரேகையே விழலம்மா, நல்லா தொடச்சிட்டு வைங்க" என்றார் ஊழியர். "எல்லாம் இந்த உப்புத்தண்ணி சார்" என்றான் அண்ணன். இரண்டாம் முறையும் விழவில்லை. மூன்றாம் முறைக்கு என் கைக்குட்டையால் நானே துடைத்துவிட்டேன். அழுத்தியதில் வெடிப்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அக்கா சிரித்துக்கொண்டே, "பாத்தியாடா, இந்தக் கைக்கு இருக்கற ரோசம்கூட எனக்கு இல்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்காம் முறை விழுந்தது.

மாடம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் அவளைக் குடிவைத்தோம். அங்கே தண்ணீர் இளநீர் மாதிரி, உப்பு துளிகூட இல்லை. கை மட்டும் ஆறவே இல்லை. "அங்க கட்டடம் எது வரைக்கும் வந்திருக்கு?" என்று போகும்போதெல்லாம் கேட்பாள். இரண்டாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டாள். கூடத்தில் கிடத்தியிருந்தபோது அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். வெடிப்புகள் அப்படியே திறந்திருந்தன.

இப்போது நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். தரைத்தளத்தில் அறை எதுவும் இல்லை, முழுக்கக் கார் நிறுத்துகிறோம். அக்கா அடுப்பு வைத்திருந்த இடத்தில் நிற்பது என் கார்தான். எப்போதாவது இந்த நகலை எடுத்து, அந்த மூன்று வெள்ளைக் கோடுகள் மேல் என் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்ப்பேன். சொரசொரப்பாக ஏதாவது தட்டுப்படும் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்கிறேன். காகிதம் வழவழவென்று இருக்கிறது.