பாரிஸில் வரி விழும் கோட்டைப்பட்டினத்து வீடு

கோட்டைப்பட்டினம் போகும்போது பேருந்தில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருவது என்ற முடிவை, சென்ற மாதம் நானும் என் மனைவியும் இரண்டு மாலைகள் விவாதித்து எடுத்தோம். காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும் என்ற அவரது வாதம் வென்றது. பயணத்தின் காரணம் இதைவிடச் சிறியது. என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஜமால் பாரிஸில் குடியேறப் போகிறார். அதற்குமுன் தம் வீட்டை என்ன செய்வது என்று கேட்டுக் கூப்பிட்டிருந்தார்.

புதுக்கோட்டையில் காலை 6.40-க்கு ஏறி, அறந்தாங்கியில் வண்டி மாறி, 9.30-க்கு இறங்கினேன். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர், இரண்டு டிக்கெட்டும் சேர்த்து 72 ரூபாய். மீமிசலில் வண்டி வடக்கே திரும்பியதும் வெயில் வலப்பக்கம் வந்துவிட்டது. வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஜமாலுக்குப் பிள்ளைகள் இல்லை, மனைவியும் காலமாகிவிட்டார். இறந்துபோன தம்பியின் மகன் ரஃபீக்கை வளர்த்தவர் அவர்தான். பாரிஸில் வேலை பார்க்கும் ரஃபீக், "பெரியத்தா, எங்களோட வந்துருங்க" என்று விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டான். ஓய்வூதியத்தில் சிக்கல் இல்லை. அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக இந்தியாவில்தான் வரி. வீடுதான் சிக்கல். இந்தியாவில் வாரிசு வரி கிடையாது. ஆனால் வாரிசு பல ஆண்டுகள் பிரான்சில் வசிப்பவராக இருந்தால், அவருக்கு இங்கே வந்துசேரும் சொத்துக்கும் அங்கே வரி உண்டு. பெற்ற பிள்ளைக்குச் சலுகை, தம்பி பிள்ளைக்குப் பாதிக்குமேல் போய்விடும்.

"தம்பி மகன்னா மகன்தானே சார்? அவனுக ஒத்துக்க மாட்டாங்களாம். வீட்டை வித்துத்தான் அந்த வீட்டுக்கு வரி கட்டணுமாம்" என்றார் ஜமால். அந்த வீட்டைக் கட்டி முடிக்க அவருக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

எதிர்வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா ஜைனப், மீன் ஆய்ந்தபடியே கேட்டார்.

"ஏன்டா, ஊருக்கே கணக்குச் சொல்லிக் குடுத்தியே, ரஃபீக் பொண்டாட்டி யாரு?"

"ஒம் மகதான்."

"அப்ப எனக்கு ஹிபாவா எழுதிக் குடு. நான் எம் மகளுக்குக் குடுத்துக்கிறேன். பெத்த மகள்னா அவனுகளுக்கும் புரியும்ல?"

ஹிபா என்பது இஸ்லாமிய முறைப்படி செய்யும் தானம். ஜமால் ஒத்துக்கொண்டார். பிறகு, "விசா வர்ற வரைக்கும் நான் அந்த வீட்லயே இருந்துக்கிறேன்" என்றார்.

"நீ உள்ள ஒக்காந்திருந்தா குடுத்ததா யாரு நம்புவா? சாவி கைமாறணும். பள்ளிவாசல்ல கேட்டுப் பாரு."

கேட்டார். அக்கா சொன்னது சரிதான்.

வெளிநாட்டில் ஓய்வுக்காலம் கழிக்க நினைப்பவர்கள், பெட்டி கட்டுவதற்குமுன் இரண்டு நாட்டிலும் வரி ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது. உங்கள் வயதைவிட, உங்கள் வாரிசு எங்கே குடியிருக்கிறார், உங்களுக்கு என்ன முறை என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். அத்தை மகளைக் கட்டுவதில் உள்ள வரி அனுகூலத்தை எந்த ஆலோசகரும் எனக்குத் தெரிந்து எழுதியதில்லை. அவர்களை நம்பி இறங்குமுன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்ப வர மதியம் 2.15-க்கு வண்டி உண்டு.

அடுத்த வியாழக்கிழமை பத்திரம் பதிவாயிற்று. அன்றே ஜைனப் தம்பி வீட்டுக்குக் குடிபோய், தம் வீட்டை வாடகைக்கு விட்டார். விசா இன்னும் வரவில்லை. ஜமால் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறார்.