முந்நூற்று நாற்பது டாலர் துப்பாக்கி

ரோண்டா பெல்டோலாவின் துப்பாக்கியைத் தட்டினால் காலி வாளியைத் தட்டியதுபோலச் சத்தம் வரும். தோளில் அணைக்கும் கட்டை முழுவதும் கறுப்புப் பிளாஸ்டிக். பதினோரு வருடங்களுக்கு முன் லைலின் கடையில், மேலே பொருத்திய தொலைநோக்கியோடு சேர்த்து முந்நூற்று நாற்பது டாலருக்கு வாங்கினாள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மரம் வெட்டப் போன கணவன் கார்ல் இடுப்பெலும்பு முறிந்து வீட்டோடு கிடக்கிறான். வீட்டு ஃப்ரீசரில் பாதி வருடத்துக்கான கறி அந்தத் துப்பாக்கியால்தான் வந்துகொண்டிருந்தது.

போன நவம்பரில் ஒரு கொம்பு மான் அவளிடம் அடிபட்டும் விழாமல் ஓடிப்போனது. பனியில் கொஞ்சம் ரோமமும் நாலு சொட்டு ரத்தமும் கிடந்தன. இருட்டும்வரை தேடியும் மான் கிடைக்கவில்லை. குறி தவறினால் அவள் சேர்ந்திருக்கும் வேட்டை முகாமில் ஒரு வாரம் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். மானைக் காயப்படுத்திவிட்டுத் தவறவிட்டால் மறக்க மாட்டார்கள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை முகாமில் விறகு பிளக்கும் நாள். ஏழு பேரும் வந்திருந்தார்கள். கார்லின் தம்பி வெய்ன் கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டுப் பேச்சை எடுத்தான். அந்த வருடம் அவன் இரண்டாயிரத்து முந்நூறு டாலருக்குப் புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தான்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ஓடைக்கரைப் பரண்தான் நம்மகிட்ட இருக்கறதுலயே நல்ல பரண். அதுல உக்கார்றவங்க கையில உருப்படியான துப்பாக்கி இருக்கணும். வேற வாங்குங்க. இல்லைன்னா ரோட்டோரப் பரணுக்குப் போயிடுங்க."

மானுக்காக ஏறிக் காத்திருக்கும் பரண்களில் ரோட்டோரத்தில் இருப்பதில் லாரிச் சத்தம்தான் கிடைக்கும். மான் கிடைக்காது.

"தப்பு துப்பாக்கியோடது இல்ல, என்னோடது," என்றாள் ரோண்டா. "தொலைநோக்கியைப் புடிச்சிருக்கற திருகு தளர்ந்திருந்துச்சு. நான் பாக்கல. வீட்டுக்குப் போய்ப் பாத்தப்ப ரெண்டு விரலாலயே அது அசைஞ்சுது."

"நல்ல பொருள்னா தளராது."

"உன் லாரியில சக்கரம் கழண்டுச்சே, அது எத்தனை டாலர் லாரி?"

எல்லோரும் சிரித்தார்கள். வெய்ன் சிரிக்கவில்லை. ரோண்டா கையுறையைக் கழற்றிவிட்டு, முகாமின் தலைவரும் கடைக்காரருமான லைலைப் பார்த்தாள்.

"மான் சீசனுக்கு முந்தின சனிக்கிழமை எல்லாரும் சுடுவோம். நூறு கஜத்துல சின்ன காகிதத் தட்டு. ஆளுக்கு ஒரே ஒரு தோட்டா. குழல் குளிர்ந்திருக்கணும், முன்னாடி சுட்டுச் சூடு பண்ணக் கூடாது. தட்டைத் தொடாதவங்க ரோட்டோரத்துக்குப் போகட்டும். நானா இருந்தாலும் சரி."

"எழுதிக்குங்க லைல்," என்றான் வெய்ன். "அண்ணி வாயாலயே சொல்லிட்டாங்க."

திங்கள்கிழமை அவள் லைலின் கடைக்குப் போனாள். வீம்பு வேறு, கறி வேறு. மாற்றத்தான் வேண்டுமென்றால் மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. சுவரில் அவளுடைய துப்பாக்கியின் உடன்பிறப்பு ஒன்று தொங்கியது. விலைச்சீட்டில் ஐந்நூற்று எண்பது.

"இது அதேதானா?"

"அதேதான். பெட்டி மட்டும் புதுசு," என்றார் லைல். "பக்கத்துல இருக்கே, அது தொள்ளாயிரம். கட்டை வழவழன்னு இருக்கும், தோட்டா ஏத்தற போல்ட் வெண்ணெயில போற மாதிரி போகும்."

"சுடறதுல?"

லைல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். விற்கிறவர்தான், ஆனால் பொய் சொல்ல வராது. "குழல் ரெண்டுலயும் ஒழுங்காத்தான் துளைச்சிருக்கான். நூறு கஜத்துல நிக்கற மானுக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தூக்கிட்டு நடக்கறவனுக்குத்தான் தெரியும், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியும். உன்னோடதைக் குடு, இருநூறு கழிச்சுக்கறேன்."

"ஐந்நூத்தி எண்பது குடுத்து இன்னிக்கு ஒருத்தன் இதை வாங்கினா, அது குடுத்த காசுக்குப் பெறுமா?"

"பெறும். முன்ன அள்ளிக் குடுத்துது, இப்ப அளந்து குடுக்குது. அவ்வளவுதான்."

ரோண்டா துப்பாக்கி வாங்கவில்லை. தோட்டாதான் வாங்கினாள். ஒரு பெட்டி நாற்பத்திரண்டு டாலர், நான்கு பெட்டிகள். எடையும் தயாரிப்பும் ஒன்றா என்று பார்த்ததோடு நிற்காமல், நான்கின் அடியிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்தாள்.

முதல் பெட்டியைச் செலவழித்துக் குறியைச் சரிசெய்தாள். அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலைப் பேருந்தை நிறுத்திவிட்டுச் சரளைக்கல் குழிக்குப் போவாள். திருகுகளை இறுக்கிப் பார்ப்பாள். ஒரே ஒரு தோட்டா சுடுவாள். துளையைப் பார்த்துவிட்டு அதே தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். மானுக்கு முன்னால் குழல் எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும். அந்த முதல் தோட்டா எங்கே போகிறது என்பது மட்டுமே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஐந்தாவது செவ்வாய்க்கிழமை ஐந்து துளைகளும் ஒரு காபிக் குவளையின் அடியில் மறைந்தன.

ஒருநாள் வெய்னும் அங்கே வந்தான். ஒரே மூச்சில் நாற்பது தோட்டாக்கள் சுட்டான். குழல் கையை வைக்க முடியாதபடி கொதித்தது.

"ஒரு தோட்டாவுக்கா அண்ணி இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வர்றீங்க?"

"மானும் ஒண்ணுதானே வரும்," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.

சீசனுக்கு முந்தின அந்தச் சனிக்கிழமை மூட்டமாகவும் குளிராகவும் இருந்தது. சுடுவதற்கு வெய்ன் முதலில் படுத்தான். அவனுடைய வழக்கமான தோட்டா தீர்ந்திருந்தது, கடையிலும் இல்லை. வரும் வழியில் எரிபொருள் நிலையத்தில் வேறொரு பெட்டி வாங்கியிருந்தான். அளவு ஒன்றுதான், எடையும் தயாரிப்பும் வேறு. துப்பாக்கி இவ்வளவு விலை என்றால் தோட்டாவைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

வெடித்தது. லைல் தொலைநோக்கியில் பார்த்தார். "தட்டுக்குக் கீழே மூணு விரற்கடை."

"தோட்டா மாறிப்போச்சு. இன்னொண்ணு சுடறேன், சரியாயிடும்."

"மான்கிட்ட சொல்லு," என்றாள் ரோண்டா. "கொஞ்சம் நில்லு, தோட்டா மாறிப்போச்சுன்னு."

அவள் முறை வந்தது. பிளாஸ்டிக் கட்டை கன்னத்தில் சில்லென்று ஒட்டியது. ஓடைக்கரைப் பரண் கைவிட்டுப் போனால் ஃப்ரீசரும் காலி. மூச்சை விட்டாள், பாதியில் நிறுத்தினாள், விரலை அழுத்தினாள்.

"தட்டுல இருக்கு," என்றார் லைல். "நடுவுல இல்ல. ஓரத்துலேர்ந்து ரெண்டு விரற்கடை உள்ள."

"நடுவுல படணும்னு யாரும் பேசலையே," என்றாள் அவள்.

திங்கள்கிழமை சீசன் தொடங்கியது. அன்று அந்தப் பகுதியில் பள்ளிக்கூடங்கள் திறக்கப்படுவதில்லை. ரோண்டா ஓடைக்கரைப் பரணில் ஏறும் முன் திருகுகளைத் தொட்டுப் பார்த்தாள். எட்டரை மணிக்கு ஆறு கிளைக் கொம்போடு ஒரு மான் புதருக்குப் பின்னால் நின்றது. சுடலாம் போலிருந்தது. அவள் சுடவில்லை. அது வெளியே வந்து பக்கவாட்டில் திரும்பும்வரை, பதினைந்து நிமிடம், காத்திருந்தாள். ஒரே வெடி. மான் நாற்பது தப்படிகூட ஓடவில்லை.

ரோட்டோரப் பரணிலிருந்து சத்தம் கேட்டு வெய்ன் மானை இழுக்கக் கயிற்றோடு வந்து சேர்ந்தான். அது முகாமின் வழக்கம், கோபம் இருந்தாலும் வந்தாக வேண்டும். விழுந்த மானைச் சுற்றி வந்தான், குண்டு பாய்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"அதிர்ஷ்டம் அண்ணி," என்றான்.

"ஆமா," என்றாள் ரோண்டா. "அதிர்ஷ்டத்தோட இடது கொம்பை நீ புடி, வலதை நான் புடிக்கறேன். மேடு ஏறணும்."