பூட்டி வைத்த அரசிதழ்

1991இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன். தபாலில் வரும் மாவட்ட அரசிதழை மேசையில் போட்டால் இரண்டே நாளில் பக்கம் காணாமல் போகும். ஒருமுறை டீக்கடையில் எங்கள் நூலக முத்திரை குத்திய தாளிலேயே எனக்குப் பஜ்ஜி மடித்துக் கொடுத்தார்கள். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றிலிருந்து அரசிதழைத் தேதிவாரியாக அடுக்கி இரும்பு அலமாரியில் பூட்டினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஒன்றுகூடக் குறையவில்லையே என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கம்பெனிகளுக்காக நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தெந்த சர்வே எண் என்பது அரசிதழில் வரும். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் தண்டோராவும் போடுவார்களாம். காலை ஷிப்டுக்குப் போனவர் காதில் அது எப்படி விழும்?

ஒரு நாள் பென்னலூரிலிருந்து ஒரு பெண் பட்டாவோடு வந்தார். வயலை அளக்க ஆள் வந்துவிட்டார்களாம். "எங்க நம்பரு அந்தப் பேப்பர்ல வந்துகீதா, பாரு சார்" என்றார். அலமாரியைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, அடுக்கு அவ்வளவு ஒழுங்கு. மடிப்புக் கலையாத இதழின் இரண்டாம் பக்கத்தில் அவருடைய எண் இருந்தது. தேதியைப் பார்த்தேன். கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கடிந்துகொண்டேன்.

"போன மாசமே ரெண்டு வாட்டி வந்தேனே சார். அது கவர்மெண்டு பேப்பரு, வெளிய எடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

சொல்லியிருப்பேன். எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. வெட்கமாக இருந்தது. உட்காரவைத்து மனு எழுதிக் கொடுத்தேன். காலம் கடந்தது என்று சில வாரத்தில் அது திரும்பி வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்கது போச்சு சார். பக்கத்து வயலு நம்பரு வந்தா, அவங்களுக்காவது சொல்லு."

அவர் படியிறங்கியதும் அலமாரியில் இருந்த இதழ்களையெல்லாம் எடுத்து மேசையில் போட்டேன். சர்வே எண்களைப் பெரிய எழுத்தில் எழுத உட்கார்ந்தேன், வாசல் சுவரில் ஒட்டுவதற்கு. கெடு முடியாத எண்கள் நாலே நாலுதான் இருந்தன.