ஸ்கூட்டரில் வந்த நடைத்துணை

கடற்கரைச் சாலையில் சேவியருக்காகக் காத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் மனைவி புஷ்பத்திடமிருந்து போன் வந்தது. விடியுமுன் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சேவியர் போய்விட்டாராம். அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. கோபம் பிறகு வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. அவர் திரேஸ்புரத்துக்காரர். கையும் காலும் மெலிந்தவர், வயிறு மட்டும் சற்று முன்னே நிற்கும். நானோ நல்ல பருமன். அலுவலகத்துக்கு வரும் எண்ணெய்ப் பரோட்டாவையும் மக்ரூன் இனிப்பையும் அவர்தான் பங்கு வைப்பார். யாராவது வரவில்லையென்றால் அந்தப் பங்கும் அவருக்குத்தான்.

சென்ற வருடம் அலுவலகத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. கைக்குப் பிடிபடும் கொழுப்பைவிட, குடலையும் ஈரலையும் சுற்றி உள்ளே படிவதுதான் பொல்லாதது, மெலிந்தவர்களுக்கும் அது இருக்கலாம் என்று டாக்டர் எனக்கு விளக்கினார். தினமும் நடந்து, இனிப்பையும் எண்ணெயையும் குறைத்து, நேரத்துக்குத் தூங்கினால் கரைந்துவிடும் என்றார். எனக்குப் பிறகு உள்ளே போன சேவியர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லவே. ஒம்மத்தான் பாத்துக்கிடச் சொன்னாரு.”

பார்த்துக்கொண்டார், அதை மறுக்க முடியாது. தினமும் காலையில் நான் நடப்பேன், அவர் பக்கத்திலேயே ஸ்கூட்டரில் மெதுவாக வருவார். நான் நின்றால் ஹாரன் அடிப்பார். மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். வண்டியில் வருகிறவருக்கு எதற்கு வெள்ளை ஷூ என்று ஒருநாள் கேட்டேன். கோச் என்றால் ஷூ போடவேண்டாமா என்றார். என் காப்பியில் சீனியை நிறுத்தியவர், தன் காப்பியில் மட்டும் உடன்குடிக் கருப்பட்டியை அள்ளிப் போட்டுக்கொள்வார். கருப்பட்டி சீனிக் கணக்கில் சேராது என்பது அவர் கட்சி. என் இடுப்பு குறைந்தபோது பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொடுத்து, அதை ஆபீஸ் முழுக்கக் காட்டி மகிழ்ந்தவரும் அவர்தான்.

சவப்பெட்டியில் சேவியர் கல்யாணக் கோட்டோடு கிடந்தார். வயிற்றில் பொத்தான் சேரவில்லை. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து அந்த வெள்ளை ஷூவை எடுத்துக்கொண்டு புஷ்பம் வந்தார். வீட்டுக்குள் மணல் வரும் என்று சேவியர் அதை அங்கேயே வைத்துவிடுவாராம்.

“அண்ணே, ஈரல்ல கொழுப்பு ஏறிட்டு, நடக்கலன்னா நெஞ்சுக்கு ஆவாதுன்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாருல்லா? அதுக்குத்தான இத வாங்கிக் குடுத்தேன். தெனமும் ஒங்க கூட நடந்தாரே, பெறகு ஏன் இப்பிடி?”

ஷூவை அவர் காலில் மாட்டக் குனிந்த புஷ்பம், கையிலேயே அதைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்து வரிகள் தேயாமல் கடையில் வாங்கியபடியே இருந்தன. என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஷூவைக் கீழே வைத்துவிட்டார். சேவியர் வெறுங்காலோடுதான் கல்லறைக்குப் போனார்.

சேவியர், என் பெயரைச் சொல்லி புஷ்பத்தை ஏமாற்றினீர். ஒன்றுமில்லை என்று சொல்லி என்னை ஏமாற்றினீர். என்னைத் தேற்றிவிட்டவரை எப்படித் திட்டுவது என்றும் தெரியவில்லை. இன்று காலையும் நடந்தேன். பாதியில் வேண்டுமென்றே நின்று பார்த்தேன், ஹாரன் அடிக்க ஆளில்லை. போய்ட்டு வாரும்வே. மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.