அறிவிப்பு எழுதிய அக்கா

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், நான்காக மடித்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பம் பிட்குதல் முடிந்து, கடைசிப் பாட்டும் பாடி, நாற்காலிகள் கிறீச்சிட்டு அடங்கிய பிறகு, ஆட்டோ அண்ணன் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரிப்பார். பிரிக்கிற அந்த அரை நிமிடத்தில் கைக்குழந்தைகள்கூட அமைதியாகிவிடுவதாக எனக்குத் தோன்றும். புதன்கிழமை வேத பாடம் யார் வீட்டில், வெள்ளிக்கிழமை சகோதரிகளின் உபவாச ஜெபம் எத்தனை மணிக்கு, சனிக்கிழமை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்க யார் யார் போகிறார்கள், அடுத்த வாரம் ஞானஸ்நானம் கடலிலா அல்லது அலை அதிகமாக இருந்தால் ஏரியிலா என்பதெல்லாம் முதலில் வரும். அதன் பிறகு ஆட்கள் வருவார்கள். கருங்குழி தம்பிக்கு இரும்புக் கம்பெனியில் வேலை நிரந்தரமானதற்கு ஸ்தோத்திரம். ரிசார்ட்டில் வேலை செய்யும் தங்கச்சிக்கு மஞ்சள் காமாலை, ஜெபித்துக்கொள்ளுங்கள். இன்னாருடைய மகள் நர்சிங் இரண்டாம் வருடம் தேறினாள்.

எங்கள் சபை திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட ஒரே கூடம். மொத்தம் அறுபது பேர் இருப்போம். பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள். இரண்டு தலைமுறைக்கு முன் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், இப்போது செக்யூரிட்டி, எலக்ட்ரீஷியன், நர்ஸ், ஓட்டல் வேலை என்று பிரிந்துவிட்டவர்கள். மீதிப் பேர் எங்களைப் போல எங்கிருந்தோ வேலைக்காக வந்து அணுமின் நிலைய நகரியத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள். பாஸ்டர் என்று ஒருவர் கிடையாது; மூத்த சகோதரர்கள் சிலர் மூப்பர்களாக இருந்து சபையை நடத்துகிறார்கள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணியால் மூடிய ஒரு அப்பமும் ஒரு பாத்திரமும், சுற்றிலும் நாற்காலிகள். ஆவியானவரால் ஏவப்படுகிற சகோதரர் எழுந்து ஜெபிப்பார், இன்னொருவர் பாட்டு எண் சொல்வார். பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு இடது பக்கம் உட்காருவோம். பாடுவோம். சபைக்குள் பேசுவதில்லை. அது ஒழுங்கு.

நான் நாகர்கோவில் பக்கம். திருமணமாகி இங்கே வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வந்த இரண்டாவது மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டோ அண்ணனின் மனைவி ஒரு கட்டு முருங்கைக் கீரையோடு கதவைத் தட்டினார். சபையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் கையில் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறிவிடுவார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னா டீச்சர், மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார், உட்காருவதற்கு முன்பே.

இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது முறை நடந்து அப்போது மூன்று வாரம். அம்மாவிடம்கூட முழுதாகச் சொல்லாத அந்த விஷயத்தைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மாளிடம் ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் எந்த ஆறுதல் வசனமும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும் வரை காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது மட்டும் கேட்டார்.

"ஞாத்திக்கெழம ஜெபத்துக்குப் படிக்கச் சொல்லட்டுமா, வேணாமா?"

"வேண்டாம் அக்கா."

"செரி. அப்ப எங்கிட்டயே இருக்கட்டும்."

அந்த ஞாயிறு அண்ணன் தாளைப் பிரித்தபோது முந்தானையை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன். அவர் குரல் நல்ல கனமான குரல். ஆட்டோ சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. ஒவ்வொரு பெயராக வந்தது. என் பெயர் வரவில்லை. அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது: படிக்கிறவர் அண்ணன், அறிவிப்பு அக்காவுடையது. தாளின் பின்பக்கம் வெளிச்சத்தில் தெரிந்த கத்திரிப்பூ நிற எழுத்தும் அவருடையதுதான். வாரம் முழுக்க படாளம் வரைக்கும், கடற்கரைக் குப்பங்கள் வரைக்கும் போய், யாருக்கு என்ன என்று கேட்டு, படிக்கலாமா கூடாதா என்றும் கேட்டு, சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எழுதுவார். எழுதாமல் விட்டவையே அதிகம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வருடம், அநேகமாக ஒரு வியாழன் தவறாமல், வேறு ஏதோ வேலையாக வந்தவர் போல எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். என் மகன் பிறந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து, குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப படிக்கலாமில்ல?" என்று சிரித்தார்.

இப்படியே பல வருடங்கள் ஓடின. பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. அக்கா கூடவே இருந்து கவனித்ததில் இரண்டு மாதத்துக்கும் மேலே சபைக்கு வர முடியவில்லை.

அறிவிப்புப் பொறுப்பை மூப்பர் ஐயா எடுத்துக்கொண்டார். நகரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சிப் பக்கம். நல்ல மனிதர், நேரம் தவறாதவர், வேதத்தை வரிக்கு வரி அறிந்தவர். சபைக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்றை ஆரம்பித்தார். "உங்கள் ஜெபக் குறிப்புகளை சனிக்கிழமைக்குள் குழுவில் பதிவிடவும்" என்று எழுதினார். பதிவிடத் தெரிந்தவர்கள் பதிவிட்டார்கள். அவற்றை வரிசையாக எண் போட்டு ஞாயிறன்று வாசித்தார். கூட்டங்களின் நேரம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை படுக்கையில் சாய்ந்தபடியே யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை என்று பார்த்து, கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டால் ஜெபித்துவிட்ட மாதிரி இருந்தது.

இடது பக்கம் மூன்றாவது வரிசையில், சுவரோரம், படாளத்து அம்மாவின் நாற்காலி. விதவை, பிள்ளைகள் இல்லை, அறுபதைத் தாண்டியவர். இரண்டு பஸ் மாறி எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். அவரிடம் போன் கிடையாது. அந்த நாற்காலி ஒரு ஞாயிறு காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறும். மழைக்காலம், பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த ஞாயிறு நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அக்கா திரும்பி வந்த முதல் ஞாயிறு, பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"படாளத்து அம்மா எங்க டீச்சர்?"

"ரெண்டு மூணு வாரமா வரல அக்கா. ஏன்னு தெரியல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் பள்ளி விடுமுறை. காலையிலேயே இருவரும் படாளம் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: அடிபம்புக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, அக்கம்பக்கத்தார்தான் ஆம்புலன்ஸ் வரவழைத்து செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், மூன்று வாரத்துக்கு மேலாகிறது. யாருக்குச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். இறங்கியதும் அக்கா இட்லி வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டார். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அம்மா கிடந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா தலையைத் தடவி, "அம்மா, நான்தான்" என்றதும் கேட்டார்.

"மூணு வாரமா எம்பேரு படிச்சாங்களா?"

அக்கா நழுவிக் கிடந்த போர்வையை இழுத்து மூடினார்.

"சேதி எப்டியும் வந்திருக்கும், படிச்சிருப்பாங்கன்னு தெரியும். படிச்சும் ஒருத்தரும் வரலியேன்னு நெனச்சுகினே படுத்துகினு கீறேன். நான் யாருக்கு இன்னா பண்ணேன்?"

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பஸ் கிடைக்கவில்லை, தெரியாது, விசாரிக்கலாம் என்றிருந்தோம் என்று வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"படிக்கலம்மா. உம்பேர யாரும் படிக்கல. எங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிகினு யாரும் வராம இல்ல."

அம்மா அவரையே வெகு நேரம் பார்த்தார்.

"படிக்கலியா?"

"படிக்கல."

"அப்ப செரி" என்றார். கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுடி, இன்னா எடுத்தாந்த?" என்று கேட்டார். அக்கா துணிப்பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து ஊட்ட ஆரம்பித்தார். நான் வராந்தாவுக்குப் போய்த் தனியாக நின்று அழுதேன்.

அன்று சாயங்காலமே மூப்பர் ஐயா வீட்டுக்குப் போனோம். நடந்ததைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். "என் மேல் தப்பு சிஸ்டர். போன் இல்லாதவங்கள நான் நினைச்சே பாக்கல" என்றார். "இனிமேல் நீங்க எழுதிக் குடுங்க, நான் வாசிக்கிறேன். இத்தனை வருஷம் பிரதர் எழுதினாருன்னு நினைச்சுகிட்டிருந்தேன்."

அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எழுதித் தரேன் ஐயா. ஆனா ஒண்ணு கீது. நீங்க உள்ள படிக்கிறீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறது, கஞ்சி வெச்சிக் குடுக்கறது, கூட இருக்கறது பூரா பொம்பளைங்க. உள்ள எந்திரிச்சி 'செவ்வாக்கெழம நான் போறேன்'னு யாரு சொல்ல முடியும்? எல்லாரும் கேட்டுகினு வூட்டுக்குப் போயிடறோம். யாராச்சும் போவாங்கன்னு அவங்கவங்க நெனச்சுக்கறோம்."

"சபையில சகோதரிகள் பேசுறது நம்ம ஒழுங்கு இல்லையே."

"ஒழுங்க மாத்தச் சொல்லல ஐயா. ஆமென் சொல்லிட்டா கூட்டம் முடிஞ்சிடுதில்ல? அப்பறம் புங்க மரத்தாண்ட நின்னு டீ குடிக்கிறோம். அங்க பேசினுதான கீறோம். அங்க படிக்கறேன்."

ஐயா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மற்ற மூப்பர்களைக் கேட்க வேண்டும் என்றார். ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இது மெல்ல மெல்ல உள்ளே வந்துவிடும் என்று அவர் சொன்னாராம். வார நடுவில் ஐயாவும் தன் மனைவியுடன் செங்கல்பட்டுக்குப் போய் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வந்தார். ஞாயிறன்று கடைசி ஜெபத்தை அவரே செய்தார். ஆமென் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்து, "கூட்டம் முடிந்தது. அறிவிப்புகள் வெளியே, மரத்தடியில்" என்றார். அவ்வளவுதான்.

வெளியே எல்லோரும் டீ டம்ளரோடு சலசலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ அண்ணன் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். ஒரு கரண்டியை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் நாலு தட்டுத் தட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். அக்கா முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு தாளைப் பிரித்தார். முதல் இரண்டு வரி யாருக்கும் கேட்கவில்லை. அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, தாளின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வரியிலிருந்து குரல் தெளிந்தது.

"படாளத்து அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கீறாங்க. யாரு எந்த நாளு போறீங்க? இப்பவே சொல்லுங்க."

எல்லோரும் அவரவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருடப் பழக்கம். அறிவிப்புக்கு யாரும் பதில் சொன்னதே இல்லை. பிறகு நர்சாக இருக்கும் தங்கச்சி, "நாளைக்கு நான் டூட்டி முடிச்சி அப்படியே போறேங்கா" என்றாள். நான் புதன்கிழமை என்றேன். வியாழன், வெள்ளி என்று கருங்குழிப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாத மூப்பரின் மனைவி கடைசியாக, கணவர் பக்கம் பார்க்காமல், "சனிக்கெழம" என்றார்.

படாளத்து அம்மா வாக்கர் வைத்து நடக்கிற அளவுக்குத் தேறினார். இப்போது கருங்குழியில், பல வருடம் தொடர்பு விட்டுப்போயிருந்த தன் தம்பி மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறு காலை அண்ணன் ஆட்டோவில் போய் அழைத்து வருகிறார். வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. கூட்ட நேரம் அதில்தான் வரும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் இளம் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்திருக்கின்றன. அந்தப் பெண்களுக்கு முதலில் அக்காவின் பேச்சே புரியவில்லை. இப்போது அவர்களுடைய அபார்ட்மெண்ட் லிப்டில் அக்கா துணிப்பையோடு ஏறி இறங்குகிறார்.

போன வருடம் ஒரு ஞாயிறு, கூட்டம் முடிந்து அக்கா தாளைப் பிரிப்பதற்கு முன், மூப்பர் ஐயா அவர் அருகே வந்து நின்றார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஐயாவின் மனைவி சில மாதங்களாகச் சபைக்கு வரவில்லை. கேட்டால் மூட்டு வலி என்பார் ஐயா. அக்கா இரண்டு தடவை போயும் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டிருந்தார். அவருடைய சட்டை சரியாகத் தேய்க்கப்படாமல் இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"சிஸ்டர்" என்றார். "எங்க வீட்டம்மாவுக்கு மூட்டு வலி இல்ல. மறதி. என்னையே சில நேரம் யாருன்னு கேக்குறா. ஒரு வருஷமாச்சு. சமைக்கிறது, குளிப்பாட்டுறது எல்லாம் நானேதான். என்னால முடியல."

அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்தார். "படிக்கலாமா ஐயா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

ஐயா தலையை ஆட்டினார். "படிங்க. மறைக்காம படிங்க."

அக்கா படித்தார். யார் யார் எந்த நாள் என்று கேட்டார். ஐயா கையில் ஆறிப்போன டீயோடு மரத்தடியில் நின்று, ஒவ்வொரு குரல் வரும்போதும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் நான் போனபோது அவர் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை.